மீண்டும் புதுவையில்

நம் ராசிபுரத்துக்காரர் வெளியூரில் உள்ள உறவையோ நட்பையோ காணப் புறப்பட்டால் வெறுங்கையோடு செல்வதில்லை. பட்டுக்கும் ஜவ்வரிசிக்கும் நம் ஊர் பேர் பெற்றதுதான். ஆயினும் தூக்கில் ஊற்றி எடுத்துச் செல்லத் தக்கது நெய் ஒன்றே. ஆவணி மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை நம் துணைவியார் வெண்ணெயை உருக்கி, இறக்கும் தறுவாயில் ஒரு கொத்து முருங்கைக் கீரையைப் போட்டு, அது பொரிந்து மணத்ததும் வடிகட்டி, இரண்டு லிட்டர் நெய்யைத் தூக்கில் ஊற்றி மூடினார். ஏழு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த பயணம் அவ்வாறு தொடங்கியது.

ஒருவர் பிறக்கும் ஊர் ஒன்று; பெயரில் நிற்கும் ஊர் வேறொன்று. ஆங்கில நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் பிறந்தது சென்னையில். ஆனால் அவர் பெயரின் முதலெழுத்தாக நின்றது நம் ராசிபுரம். இவ்விரண்டும் அன்றி, மனத்தில் நிற்கும் ஊர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. நமக்கு அது புதுவை.

புதுவையின் மீது நமக்குள்ள பற்றுக்கு ஒரு குடும்பக் காரணமும் உண்டு. 1930ஆம் ஆண்டு புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மறைமாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்தெடுத்தே நம் சேலம் மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. அவற்றுள் கும்பகோணமும் 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்ததே. நம் முதல் ஆயர் ஹென்றி ப்ருனியே ஆண்டகை பாரீஸ் வேதபோதக சபையைச் சார்ந்த பிரெஞ்சுக்காரர். ஆகவே எவ்வழியாகப் பார்த்தாலும் புதுவை நமக்குத் தாய்வீட்டு முறை. தாய்வீட்டுக்கு ஏழு ஆண்டுகள் போகாதிருந்தோம் என்பதை நினைக்கையில் சற்று நாணமாகவே இருக்கிறது.

நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் சென்று, அங்கிருந்து கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் எனக் கிழக்கு நோக்கிச் செல்வது நம் வழக்கம். நாமகிரிப்பேட்டையில் பேருந்து நின்றபோது நம் துணைவியார் இறங்கிக் கால் கிலோ விரலி மஞ்சள் வாங்கி வந்தார். எதற்கு என்று நாம் வினவவில்லை. புதுவை நண்பரின் மனைவி வடவம் போடுவதற்கு நாமகிரிப்பேட்டை மஞ்சளைத்தான் கேட்பார். அவர் 2021ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் இறைவனடி சேர்ந்துவிட்டார். ஆயினும் பழகிய கை மஞ்சளை வாங்கிவிட்டது. பேருந்து புறப்பட்ட பின் வெகுநேரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த அம்மையாரின் அடக்கத்துக்கு நம்மால் செல்ல இயலவில்லை. அன்று ஊரடங்கு, குற்றம் நம்முடையதன்று. ஆனால் ஊரடங்கு நீங்கிய பின்னரும் நாம் செல்லவில்லை. “வரும் கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்”, “கோடை விடுமுறையில் பார்க்கலாம்” என்று தொலைபேசியில் நான்காண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் வாசகர்களோடு உரையாட விழைகிறோம்.

புதுவையில் இறங்கியதும் நண்பர் இல்லத்துக்கு முன்னதாகச் சம்பா கோயிலுக்குச் செல்வது நம் பழக்கம். அமலோற்பவ மாதா பேராலயத்தைப் புதுவை மக்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர். புனித பவுலின் பெயர் பிரெஞ்சு நாவில் ‘சென் போல்’ ஆகி, நம்மவர் நாவில் ‘சம்பா’ ஆயிற்று என்பர். சேசு சபையார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய முதற்கோயில், டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றிய 1693இல் அழிந்தது. பின்னர் எழுந்த பெரிய கோயில், 1761இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்து நிரவியபோது அதனோடு வீழ்ந்தது. இன்று நாம் முழந்தாளிடும் கோயில் 1770இல் தொடங்கி 1791இல் நிறைவுற்றது.

வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையாகாது. அக்கோயிலுக்கு அண்டையில் வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில், அவ்வாலயம் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அந்நிகழ்ச்சியை மனம் நொந்து தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறர் தொழும் இடம் இடிக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நாம் தொழுத இடமும் இடிந்தது. இன்று வேதபுரீசுவரர் வேறொரு வீதியில் கோயில் கொண்டிருக்கிறார். இரு கோயில் மணிகளும் ஒரே காற்றில் ஒலிக்கின்றன. சம்பா கோயிலில் முழந்தாளிடும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நமக்கு நல்லது.

பிள்ளையவர்களின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை நீள்கிறது. நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார். தாம் அறிந்த புதுவை இடிபடுவதை அவர் காணவில்லை. பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் உள்ள அவர் மாளிகையோ இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் தமிழர் முறை. மேல்தளம் பிரெஞ்சு முறை. புதுவையின் பழைய வீடுகள் பலவற்றுக்கும் அதுவே இலக்கணம்.

நம் நண்பரின் இல்லமும் அவ்வகையைச் சார்ந்ததே. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம். அதை அடுத்துத் திண்ணை, தேக்குக் கதவு, உள்ளே வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம். மாடியில் மட்டும் வளைவுச் சன்னல்களும் சுண்ணச் சாந்தில் வார்த்த அரைத்தூண்களும் பிரெஞ்சு மணம் வீசும். நண்பரின் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றவர். அத்தகையோரைப் புதுவையில் ‘சொல்தா’ என்பர். இந்தோசீனாவிலிருந்து அவர் அனுப்பிய பணத்தில் அந்த மாடி எழுந்தது.

கதவைத் திறந்தவர் நண்பரே. திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்றாண்டுகள் வாழ்ந்தோம்; அன்று தொட்டு இருவரும் ஒருமையில்தான் பேசிக்கொள்வோம். நெய்த் தூக்கை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். “முருங்கைக் கீரை போட்டிருக்கிறாயாம்மா” என்று நம் துணைவியாரைப் பார்த்துச் சொன்னார். பிறகு, “இதை வாங்கி வைக்க அவள் இல்லை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான்காண்டுகள் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்கவேயில்லை.

மஞ்சளை எடுத்துத் தரலாமா வேண்டாமா என நம் துணைவியார் தயங்கி, இறுதியில் மேசைமீது வைத்தார். நண்பர் அதைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தார். “நல்லவேளை, கொண்டுவந்தீர்கள். அடுத்த சித்திரைக்கு வேண்டும்” என்றார். வியந்து நோக்கினோம். அம்மையார் மறைந்த மறு ஆண்டிலிருந்து அவரே வடவம் போடுகிறாராம்!

வடவம் போடுவது எளிய வேலையன்று. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து நறுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் கலந்து, விளக்கெண்ணெய் தடவிய கையால் உருண்டை பிடிக்க வேண்டும். பகலெல்லாம் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, இரவில் சட்டியில் மூடி வைத்து, மறுநாள் பிசைந்து மீண்டும் உருட்ட வேண்டும். உருண்டை கறுத்து இறுகும் வரை பல நாள் இப்படியே நடக்கும். அப்புறம் ஆண்டு முழுவதும் குழம்பைத் தாளிக்க ஒரு சிறு துண்டு போதும். பிரெஞ்சுக்காரர் இதை நம்மிடமிருந்து கற்று ‘வடூவன்’ என்று பெயரிட்டுக்கொண்டனர். இன்று பாரீஸ் சமையற்காரரும் அதைத் தேடி வாங்குகின்றனர். “முதல் ஆண்டு அரைப்பங்கு பூசணம் பூத்துவிட்டது; எறிந்தேன். இரண்டாம் ஆண்டு சரியாக வந்தது” என்றார் நண்பர்.

அன்று நண்பகல் அந்த வடவம் தாளித்த மீன் குழம்பை உண்டோம். வஞ்சிரம் மீன், குழம்பில் புளி சற்றுக் குறைவு, தேங்காய்ப்பால் தூக்கலாக இருந்தது. அம்மையாரின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது என்று சொன்னால் அது முகமன். உப்பு சிறிது கூடியிருந்தது. ஆனால் அந்த மணம் அதே மணம். நம் துணைவியார் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்; வீட்டில் அவர் அவ்வாறு உண்பதில்லை.

உண்ட பின் முற்றத்தருகே அமர்ந்தபோதுதான் மேலே நோக்கினோம். கூடத்தின் கூரை புதுவைப் பழைய வீடுகளுக்கே உரியது: தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த தளம். அதன் ஒரு மூலையில் நீர் கசிந்து கறுத்த தடம் படர்ந்திருந்தது. உத்திரத்தின் முனை சுவரில் நுழையுமிடத்தில் மரம் உளுத்திருந்தது. 2018இல் நாம் வந்தபோது அத்தடம் உள்ளங்கை அகலம்தான். “அடுத்த மழைக்குள் பார்க்கலாம் என்றிருந்தேன்” என்றார் நண்பர். ‘பார்க்கலாம்’ என்ற சொல் அவ்வீட்டிலும் குடியிருந்தது!

பின்னர் உள்ளதைச் சொன்னார். வீட்டுக்கு ஐந்து பங்குதாரர்கள். இரு தம்பிமார் பிரான்சில். ஒரு தங்கை சென்னையில். இன்னொரு தங்கை காரைக்காலில். பழுதுபார்க்கும் செலவைத் தனியொருவர் ஏற்க இயலாது. ஐவரும் கூடிப் பேச நேரம் வாய்ப்பதில்லை. இதற்கிடையில் அடுக்குமாடி கட்டுவோர் ஒருவர் நல்ல விலை கேட்டிருக்கிறார். பிரான்சில் உள்ள தம்பி கடிதம் எழுதியிருந்தார்: “அண்ணா, நாங்கள் திரும்பி வரப்போவதில்லை. விற்றுவிட்டால் உங்களுக்கும் நிம்மதி.” அதில் தவறொன்றும் இல்லை, அன்போடு எழுதிய கடிதம்தான். “நீ என்ன சொல்கிறாய்?” என்று நண்பர் நம்மைக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

மாலையில் நடக்கப் புறப்பட்டோம். முதலில் வைசியாள் வீதி. கால்வே சுப்பராய செட்டியார் வீதி என்பது அதன் இன்றைய பெயர். இன்டாக் என்னும் மரபுக் காப்பு அறக்கட்டளையும் அரசும் வீட்டுக்காரரும் கைகோத்து அவ்வீதியின் பழைய முகப்புகளையும் தாழ்வாரங்களையும் செப்பனிட்டனர். அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதைப் பெற்றது. ஒரு வீட்டை மட்டும் காத்தால் அது காட்சிப்பொருள். ஒரு வீதியையே காத்தால் மக்கள் அதில் தொடர்ந்து வாழலாம். அன்று மாலையும் தாழ்வாரத்தில் ஒரு பாட்டியார் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். சிறுவர் இருவர் திண்ணையில் அமர்ந்து பாடம் எழுதினர்.

வாய்க்காலைக் கடந்து கடற்கரைப் பக்கம் சென்றோம். பாரதி பூங்காவின் நடுவில் வெண்ணிற ஆயி மண்டபம். முத்திரப்பாளையத்து ஊற்றிலிருந்து நகருக்குக் குடிநீர் கொணர்ந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதை எழுப்பினர். ஆயி ஒரு தாசி என்பது கர்ணபரம்பரைக் கதை. விளக்கொளியில் மிளிர்ந்த அவள் மாளிகையைக் கோயிலென எண்ணி மன்னர் கிருஷ்ணதேவராயர் கைகூப்பினாராம். உண்மை அறிந்து சினந்து, வீட்டை இடிக்க ஆணையிட்டாராம். அவளோ, தானே அதை இடித்து அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்ட அனுமதி கேட்டாளாம். பல நூற்றாண்டுகள் கழித்து அக்குளத்து நீர் நகரத்தின் தாகம் தீர்த்தது. நண்பர் அக்கதையைச் சொல்லி முடித்து, “வீடு இடிவது எல்லாம் நட்டம் அன்று போலும்” என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் நிற்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘மேரி’ என்றால் நகராட்சி மன்றம். மரியன்னையின் பெயர் என்று நம்மவர் பலர் தவறாக எண்ணுவதுண்டு. 1870ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற அம்மாளிகையில்தான் 1986இல் நண்பர் தம் மூத்த மகனின் பிறப்பைப் பதிவு செய்தார். அது பழுதுற்றிருந்தது யாவரும் அறிந்ததே. செப்பனிட வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகள் நடந்தது. 2014 நவம்பர் 29ஆம் நாள், அடைமழையில், அது சரிந்து வீழ்ந்தது. பின்னர் பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்து வைத்தனர். ஏறத்தாழப் பதினைந்து கோடி ரூபாய் செலவாயிற்று. தூண்களும் வளைவுகளும் பழையபடியே உள்ளன. கடல்காற்று அதே கடல்காற்று.

நண்பர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கட்டடத்தை மறுபடியும் கட்டிவிட்டார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் நான் கையெழுத்துப் போட்ட மேசை இருந்த அறை இது இல்லை” என்றார். அப்போது நமக்கு மறைந்த அம்மையாரின் நினைவு வந்தது. இடிந்த மாளிகையைப் பதினைந்து கோடியில் மீண்டும் எழுப்பலாம். 2018இல் வாசல்வரை வந்து, “அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வரவேண்டும்” என்று சொன்னவரிடம் அன்று, “பார்க்கலாம் அம்மா” என்றோம். அதற்கு மறுபதிவு இல்லை.

அங்கேயே, கடலைப் பார்த்தபடி, நண்பரிடம் மன்னிப்புக் கேட்டோம். “ஊரடங்கு நீங்கியதும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எங்கள் தவறு” என்று சொன்னோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “அந்த ஆண்டு வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்” என்றார். அச்சொல் வலித்தது. ஆனால் அதன் பின்னர்தான் இருவரும் பழையபடி பேசத் தொடங்கினோம். இரவு பதினொரு மணி வரை பேசினோம்.

மறுநாள் ஞாயிறு. இரயில் நிலையத்தின் எதிரே உள்ள திரு இருதய ஆலயத்தில் திருப்பலி கண்டோம். 1902இல் தொடங்கி 1907இல் நிறைவுற்ற கோத்திக் பாணிக் கோயில் அது; 2011இல் பசிலிக்கா என உயர்த்தப்பட்டது. வண்ணக் கண்ணாடிகளின் வழியே காலை வெயில் தரையில் சிவப்பாகவும் நீலமாகவும் விழுந்தது. திரும்பும் வழியில் ரொட்டிக் கடையில் சூடான நீள ரொட்டி வாங்கினோம். அதை முந்தைய நாள் குழம்பில் தொட்டு உண்பது அவ்வீட்டு ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அம்மையார் இருந்தபோது இருந்த வழக்கம், இன்றும் இருக்கிறது.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நண்பர் தம் முடிவைச் சொன்னார். விற்பதா காப்பதா என்பது இன்னும் தெரியாது. அது ஐவரும் சேர்ந்து சொல்ல வேண்டியது. ஆனால் இரண்டு காரியங்களை அவரே செய்யப் போகிறார். ஐப்பசி மழைக்கு முன் அந்த ஒரு மூலையை மட்டும், உளுத்த உத்திரத்தை மாற்றி, சுண்ணாம்புச் சாந்திலேயே செப்பனிடுவார். பழந்தளத்தின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மரத்தைத் தின்னும் என்று வைசியாள் வீதிக் கொத்தனார் சொல்லியிருக்கிறாராம். இரண்டாவது, உடன்பிறந்தோர் நால்வரையும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு அழைப்பார். “விற்பதானாலும் விற்போம். அதற்கு முன் எல்லோரும் இந்தக் கூடத்தில் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தொலைபேசியில் பேசி முடிக்கிற வீடா இது?” என்றார்.

பிறகு நெய்த் தூக்கை எடுத்து அலமாரியில் உயரத்தில் வைத்தார். புதுவைக் கத்தோலிக்க இல்லங்களில் கிறிஸ்துமஸுக்கு ‘விவிக்கம்’ என்னும் ரவை கேக் செய்வர். முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர்பழங்கள் எல்லாம் சேரும். வெண்ணெய்க்குப் பதிலாக நம் ராசிபுரத்து நெய்யை ஊற்றிச் செய்வது அம்மையாரின் வழக்கம். “பாதி நெய் அதற்கு. நீங்களும் வருகிறீர்கள்” என்றார். நம் வாயில் பழக்கமான அந்தச் சொல் வந்தது. நுனி நாவில் நிறுத்தினோம். “டிசம்பர் 24ஆம் நாள் மாலை வந்துவிடுவோம்” என்று நாளைக் குறித்தே சொன்னோம். ஊர் திரும்பிய அன்றே பயணச் சீட்டுக்கு ஏற்பாடும் செய்தாகிவிட்டது.

அன்பு வாசகர்களே, எந்த வீடும் ஒரே நாளில் இடிந்துவிடுவதில்லை. உள்ளங்கை அகல ஈரத்தில் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஆண்டு பார்க்கலாம் என்கிறோம். ஒரு மழை நாளில் விழுந்துவிடுகிறது. உறவும் அவ்வாறே. நம் பகுதியிலும் ஓட்டு வீடுகள் உண்டு. திண்ணையில் தனியே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் உண்டு. ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளாத அண்ணன் தம்பியர் உண்டு. இவ்விதழை மடித்து வைக்கும்முன், நீங்கள் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி வைத்திருக்கும் ஒருவரின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் ஒரு நாளைக் குறியுங்கள். கையில் ஏதேனும் எடுத்துச் செல்லுங்கள்; நெய்தான் வேண்டும் என்பதில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பிய பின், அந்த வீட்டைப் பற்றி ஐவரும் எடுத்த முடிவை இப்பக்கத்தில் எழுதுவோம். எதுவாயினும் எழுதுவோம்.